பொருநையும் கொற்கையும் கடலகழாய்வும்

பொதியமலையிற் பிறந்து, பாவநாசத்தில் அருவியாய் இறங்கி, அம்பாசமுத்திரம் முதல் திருவைகுண்டம் வரை இரு கரையிலும் நெல்லும் வாழையும் விளைவித்து, புன்னைக்காயலிற் கடலோடு கலப்பது தாமிரவருணி. பொருநை என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். தலை முதல் கடை வரை அதன் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டரே. ஆயினும் அளவிற் சிறிய அவ்வாற்றின் புகழ் கடல் கடந்து சென்றது. அதற்குக் காரணம் அதன் கழிமுகத்தில் விளைந்த முத்து.

ஆறுகள் கூடும் துறையை முக்கூடல் என வழங்குதல் இந்நாட்டு மரபு. சிற்றாறு கலக்கும் சீவலப்பேரிப் பக்கத்தை முக்கூடல் எனப் புலவர் பாடினர். மேற்கே, கடனையாறு கலக்கும் இடத்தை அடுத்து முக்கூடல் என்றே ஓர் ஊர் உண்டு. அவ்வூரிற் கோயில் கொண்ட அன்னையின் திருநாமம் முத்துமாலை அம்மன் என்பது. வயல் சூழ்ந்த ஓர் உள்நாட்டு ஊரில் அத்திருநாமத்தைக் கேட்போர்க்கு ஆற்றின் மறுமுனையில் உள்ள கடல் நினைவுக்கு வருதல் இயல்பு.

அந்நினைவுக்குச் சான்றும் அருகிலேயே உள்ளது. முக்கூடலுக்கு அண்மையில், பொருநையும் கடனையும் கலக்கும் துறையில் அமைந்தது திருப்புடைமருதூர். அங்கே நாறும்பூநாதர் கோயிலின் ஐந்துநிலைக் கோபுரத்தினுள் பழைய சுவரோவியங்கள் நிறைந்துள்ளன. புராணக் காட்சிகளும் போர்க் காட்சிகளும் விளங்கும் அச்சுவர்களில் ஒரு மரக்கலமும் தீட்டப்பெற்றுள்ளது. அதிற் குதிரைகள் நிற்கின்றன. அவற்றைக் கொணர்ந்த அயல்நாட்டு வணிகரும் உடன் உள்ளனர். கடலிலிருந்து பல காதம் விலகிய ஆற்றங்கரைக் கோயிலில் ஓவியர் ஏன் கப்பலை எழுதினர்? பொருநை நாட்டார்க்குக் கடல் அயலிடமன்று. அவர்தம் வாயிற்படியே அது. அவ்வாயில் எங்கே இருந்தது, எவ்வாறு அடைபட்டது, அதனை மீண்டும் காண அறிஞர் மேற்கொள்ளும் முறை யாது என்பனவற்றை அறிதல் இந்நாட்டு அன்பர்க்கு நலம் பயப்பதாகும்.

கொற்கைத் துறை

பாண்டியர்க்கு மதுரை தலைநகர், கொற்கை கடல்வாயில். சங்கச் சான்றோர் கொற்கை முத்தைப் பலபடப் பாடினர். சிலப்பதிகாரம் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனைக் குறிக்கிறது. கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற 'செங்கடற் பயணக் கையேடு' என்னும் கிரேக்க நூல் இத்துறையைக் 'கொல்கொய்' என்று சுட்டி, பாண்டியனுக்குரிய இம்முத்துச் சலாபத்திற் குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று குறிக்கின்றது. அடுத்த நூற்றாண்டினரான தாலமியும் கொல்கொய் என்னும் வணிகத்துறையைத் தம் நிலநூலிற் குறித்துள்ளார்.

இக்காலத்துக் கொற்கையில் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் உள்ளது. அக்கசாலை என்பது பொன்வினைஞர் தொழிற்கூடத்தையும் நாணயம் அடிக்கும் இடத்தையும் குறிக்கும் சொல். துறைமுக வாணிகம் ஒழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், இறைவன் திருநாமம் அவ்வூரின் தொழிலை மறவாமற் காத்து நிற்கிறது.

தமிழ் வணிகர் சென்ற வழியைக் கடலுக்கு அப்பால் உள்ள சான்றுகளும் காட்டுகின்றன. எகிப்து நாட்டுச் செங்கடற்கரையிற் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் அகழ்ந்தபோது, தமிழ் எழுத்திற் கண்ணன், சாத்தன் எனப் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. கிழக்கே தாய்லாந்தில் குவான் லுக் பாட் என்னும் இடத்திற் கிடைத்த ஒரு சிறு உரைகல்லிற் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் எழுதப்பெற்றுள்ளது. அது பொன்னின் மாற்று அறியும் கல். தன் பெயரை அதிற் பொறித்துக்கொண்டு கடல் கடந்து சென்றான் ஒரு தமிழ்ப் பொற்கொல்லன். அரசர் பெயரும் போர்ச் செய்தியும் அக்கல்லில் இல்லை. உழைத்தவன் ஒருவன் பெயர் உளது. கடல்வழி வரலாற்றின் சிறப்பு இத்தகைய சிறு பொருள்களிலேயே தங்கியுள்ளது.

கடல் அகன்ற வரலாறு

பழந்துறைகள் பலவற்றைக் கடல் விழுங்கிற்று என்பது மக்கள் பேச்சு. கொற்கையின் கதை அதற்கு மாறானது. கொற்கையைக் கடல் விழுங்கவில்லை. கடல் அதனை விட்டு அகன்றது. இன்று கொற்கையிலிருந்து கடலைக் காண வேண்டுமாயின் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே செல்லுதல் வேண்டும்.

இதனைச் செய்தது பொருநையே. ஆண்டுதோறும் வெள்ளத்தில் மலைமண்ணை வாரிக் கொணர்ந்து வயலுக்கு உரமாக இட்ட ஆறு, எஞ்சிய வண்டலைக் கழிமுகத்திற் கொட்டியது. ஒரு தலைமுறையில் அது கண்ணுக்குத் தெரியாது. பல நூற்றாண்டுகளில் கழி மேடாயிற்று, மேடு வயலாயிற்று. கப்பல்கள் கொற்கையை அணுக இயலாதபோது வாணிகம் கடலை ஒட்டிய காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ காயலைப் பெருநகர் எனப் புகழ்ந்து, ஓர்மசு, கீசு, ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்தன என்று எழுதினார். அக்காலத்தை அடுத்து வாழ்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டிநாட்டிற்கு அனுப்பப்பெற்றன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் குறித்துள்ளார். திருப்புடைமருதூர்க் கோபுரத்து ஓவியர் தீட்டிய கப்பல் அவ்வணிகம் விட்டுச் சென்ற நினைவின் வழியது.

காயலையும் பொருநை விடவில்லை. அதன் துறையும் மண்மேடிட்டது. அதற்குக் கீழே கழிமுகத்திற் புன்னைக்காயல் தோன்றியது. இறுதியில், ஆற்று வண்டல் எட்டாத தூத்துக்குடி பெருந்துறையாயிற்று. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என மேற்கிலிருந்து கிழக்காக நிற்கும் மூன்று ஊர்களும் கடல் பின்னிட்ட வழியைக் காட்டும் மூன்று மைல்கற்களாம்.

இவ்வுண்மையை முதன்முதல் மண்ணைத் தோண்டிக் காட்டியவர் கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் யாத்த அவ்வறிஞர் 1876, 77ஆம் ஆண்டுகளிற் கொற்கையிலும் பழையகாயலிலும் ஆய்வு நிகழ்த்தினார். மேலே ஆற்று வண்டலாகிய களிமண்ணும், அதன் கீழே சில அடி ஆழத்திற் கடற்கிளிஞ்சற் படிவும் இருத்தலைக் கண்டார். உழுநிலத்தின் அடியில் ஒரு கடற்கரை உறங்கிக் கிடந்தது. பழையகாயற் பகுதியிற் சீனப் பீங்கானின் துண்டுகளும் அரபு நாட்டு மட்கலத்தின் ஓடுகளும் நிலத்தின்மேல் சிதறிக் கிடந்தன. மார்க்கோ போலோ குறித்த காயல் அதுவே என அவர் தெளிந்தார்.

பின்னர்த் தமிழக அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1968-69இற் கொற்கையில் அகழ்ந்தனர். செங்கற் கட்டடப் பகுதியும், உறைகிணறும், கறுப்பு சிவப்பு மட்கலங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது அதன் காலம் கி. மு. 785 அளவினது எனத் தெரிந்தது. 2021இல் மீண்டும் அகழ்ந்தபோது சங்கறுத்த துண்டுகளும், துளையிட்ட சுடுமண் குழாய்களும், அயல்நாட்டு மட்கல ஓடுகளும் கிடைத்தன. அதே ஆற்றங்கரையில், சிவகளையில், தாழியினுள் இருந்த நெல்லின் காலம் கி. மு. 1155 என 2021இல் அரசு அறிவித்தது. ஆற்றின் மேலே நெல், கீழே முத்து. இரண்டும் ஒரே நாகரிகத்தின் இரு கைகள்.

கடலடி ஆய்வு பிறந்த வரலாறு

நிலத்தைத் தோண்டும் கலை பழையது. நீரடியில் ஆராயும் கலை புதியது. அது புலவர் அவையிற் பிறந்ததன்று. கடலில் மூழ்கும் எளிய உழைப்பாளரிடமிருந்து பிறந்தது.

1900ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் அந்திகிதேரா என்னும் தீவருகே கடற்பஞ்சு எடுப்போர் சிலர் மூழ்கினர். கடலடியில் வெண்கலச் சிலைகளும் பளிங்குச் சிலைகளும் கிடத்தலைக் கண்டு அஞ்சி மேலே வந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் மூழ்கிய கப்பல் ஒன்று அவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும் அக்காலத்துத் தொல்லியலார் தாமே கடலில் இறங்கவில்லை. மூழ்குவோர் எடுத்துத் தந்ததைப் படகில் இருந்து பெற்றுக்கொண்டனர். எப்பொருள் எப்பொருளின் பக்கத்திற் கிடந்தது என்னும் செய்தி அதனால் அறவே அழிந்தது.

1943இல் பிரெஞ்சு நாட்டவரான குசுத்தோவும் காகன்யானும் முதுகிற் சுமந்து செல்லும் காற்றுக் கலத்தை அமைத்தனர். கற்றவரும் மீனைப்போல் நீந்தி ஆராயும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. 1960இல் துருக்கி நாட்டுக் கெலிதொன்யா முனையில், கி. மு. 1200ஐ ஒட்டி மூழ்கிய கலம் ஒன்றை ஜார்ஜ் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தம் குழுவினருடன் தாமே மூழ்கி, நில அகழாய்வுக்குரிய ஒழுங்கு முழுவதையும் நீரடியிற் கையாண்டு ஆராய்ந்தார். அக்கலம் கிடந்த இடத்தை முதலிற் சொன்னவர்களும் கடற்பஞ்சு எடுப்போரே.

இதற்கு நிகரான நிகழ்ச்சி நம் தென்கடலிலும் உண்டு. இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கொடவாய என்னும் ஊரில், 2003இற் சங்கு குளிக்கும் மீனவர் இருவர் முப்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஒரு பழங்கலத்தின் எச்சங்களைக் கண்டனர். கண்ணாடிப் பாளங்களும், அரைகற்களும், மட்கலங்களும் அங்குக் கிடந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அக்கலமே இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட கலச்சிதைவுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. கிரேக்கத்திற் பஞ்செடுப்போர் செய்த பணியை இங்குச் சங்கெடுப்போர் செய்தனர்.

ஆய்வின் முறை

கடலகழாய்வைப் புதையல் தேடுதல் என எண்ணுவோர் உளர். இரண்டும் வெவ்வேறு. புதையல் தேடுவோன் பொருளை விரும்புகிறான். ஆய்வாளன் பொருள் கிடந்த இடத்தை விரும்புகிறான். ஒரு சாடி அரிசிக் குவியலின்மேற் கிடந்தால் ஒரு பொருள். மாலுமியின் அடுப்பருகே கிடந்தால் வேறு பொருள். இடம் பெயர்த்துவிட்ட சாடி ஊமையாகிவிடும்.

ஆதலின் முதற்பணி தேடுதலன்று, கேட்டறிதல். வலை எங்கே சிக்குகின்றது என்பது மீனவர் நன்கறிந்த செய்தி. அங்ஙனம் கேட்டறிந்த பின்னர்ப் படகிலிருந்து ஒலியைச் செலுத்தி, கடற்றரையிற் பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு அதன் மேடுபள்ளங்களைப் படமாக வரைவர். வேறொரு வகை ஒலி, சேற்றினுள் ஊடுருவி அடியில் உள்ள படிவங்களைக் காட்டும். காந்தமானி இரும்புப் பொருள் இருத்தலை உணர்த்தும். ஐயத்திற்குரிய இடங்களில் மட்டுமே மூழ்குவோர் இறங்குவர். முப்பது மீட்டர் ஆழத்தில் ஒருவர் ஒரு முறைக்கு இருபது நிமிட அளவே தங்கிப் பணி செய்தல் நலம். அச்சிறு பொழுதிற் சட்டமிட்டுக் கட்டங்கள் வகுத்து, அளந்து, வரைந்து, நிழற்படம் எடுத்து, அதன் பின்னரே மணலைக் குழாயால் உறிஞ்சி அகற்றுவர்.

எடுத்த பொருளைக் காத்தல் எடுத்தலினும் அரிது. உப்புநீரில் ஊறிய மட்கலம் காற்றிற் காய்ந்தால் உப்பு படிகமாகிப் பிளந்துவிடும். ஆதலின் பல திங்கள் நன்னீரில் இட்டு உப்பைப் போக்குவர். மரம் இன்னும் நொய்யது. சுவீடன் நாட்டில் 1628இல் மூழ்கிய வாசா என்னும் போர்க்கப்பலை 1961இல் மேலே எடுத்தபோது, அதன் மரம் சுருங்காதிருத்தற்பொருட்டு ஒரு வகை மெழுகுக் கரைசலைப் பதினேழு ஆண்டுகள் இடைவிடாது தெளித்தனர். வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் புழுக்கள் மிகுதி. ஆகவே நம் கடல்களிற் சேற்றில் அமிழ்ந்த பகுதியன்றி மற்ற மரம் எஞ்சுதல் அரிது. கலம் போய்விடும், அதன் கல்நங்கூரம் கிடக்கும். சரக்கு போய்விடும், அதனை ஏந்திய சாடியின் ஓடு கிடக்கும். இக்காரணத்தினால், காத்தற்கு வழி காணாமல் எதனையும் எடுத்தல் ஆகாது என்பதும், இயன்றவரை கிடந்த இடத்திலேயே காத்தல் வேண்டும் என்பதும் இத்துறையின் அறமாயின. 2001ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு அமைப்பு வகுத்த உடன்படிக்கையும் அவ்வறத்தையே வற்புறுத்துகின்றது.

பாரதத்திற் கடலகழாய்வு

பாரதத்தில் இக்கலையை வளர்த்த முன்னோடி எஸ். ஆர். ராவ். லோத்தல் என்னும் சிந்துவெளிக் காலத்துத் துறையை அகழ்ந்த அவ்வறிஞர், 1981இல் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்திற் கடல்சார் தொல்லியற் பிரிவு அமையத் துணைநின்றார். கண்ணபிரான் நகரெனப் போற்றப்பெறும் துவாரகைக் கடலில் 1983 முதல் அவர் தலைமையில் ஆய்வு நடைபெற்றது. செதுக்கிய கற்களும் கல்நங்கூரங்களும் மிகுதியாகக் காணப்பட்டன. அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. துவாரகை நெடுங்காலம் சிறந்த துறையாக விளங்கியது என்பதில் வேறுபாடு இல்லை. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை 2001இல் நீரடித் தொல்லியலுக்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. 2025இல் அத்துறையினர் மீண்டும் துவாரகைக் கடலில் ஆய்வு தொடங்கினர்.

தமிழகத்திற் காவிரிப்பூம்பட்டினம் முதலிடம் பெற்றது. 1960களில் நிலத்திற் கீழையூரில் அகழ்ந்தபோது மரத்தூண்களுடன் கூடிய செங்கற் படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது; அதன் காலம் கி. மு. மூன்றாம் நூற்றாண்டு அளவினது என்பர். 1991இற் கடலில், கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்திற் குதிரைலாட வடிவினதாய ஓர் அமைப்புத் தென்பட்டது. அது மனிதர் அமைத்ததோ இயற்கையில் அமைந்ததோ என்பது இன்னும் முடிவு காணாத வினா. அப்பகுதிக் கடலிலேயே மற்றொரு கலச்சிதைவும் கண்டறியப்பட்டது. அதிலிருந்த ஈயப் பாளங்களில் 1791, 1792 என ஆண்டுகளும் பிளாக்கெட் என்னும் ஆங்கிலப் பெயரும் பொறித்திருந்தன. எழுத்து இருந்தமையால் அக்கலத்தின் காலம் எளிதில் விளங்கிற்று. எழுத்தில்லாத அமைப்பு ஐயத்திலேயே நிற்கிறது.

தரங்கம்பாடியிற் கடல் வேறு வகையிற் பேசுகின்றது. பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் சிறிது சிறிதாக இடித்துக் கொண்டுபோயின. அவ்வரசன் நாளிலேதான் காயலிற் குதிரைக் கப்பல்கள் வந்திறங்கின. ஒரே மன்னன் காலத்துக் கரைகள் இரண்டு. ஒன்றிற் கடல் பின்வாங்கிற்று, மற்றொன்றிற் கடல் முன்னேறிற்று. கடற்கரை என்பது நிலைத்த கோடன்று என்னும் உண்மைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புடையது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பல உயிர்களைக் கொண்டது. மீளும்போது மணலை அரித்து ஒரு பாறையில் இருந்த கல்வெட்டுகளை வெளிப்படுத்தியது. அவற்றில் ஒரு முருகன் கோயிலுக்கு அளித்த கொடைகள் குறிக்கப்பெற்றிருந்தன. அவ்விடத்தில் அவ்வாறான கோயில் எதுவும் அன்று இல்லை. கல்வெட்டை நம்பி 2005இல் அகழ்ந்தபோது மணலினடியிற் கோயிலே வெளிப்பட்டது. பல்லவர் காலக் கற்கட்டடத்தின் கீழே அதனினும் பழைய செங்கற் கோயில். உடன் கல்லால் அமைந்த வேல். யாரோ ஒரு கொடையாளர் விளக்கெரிக்கப் பொன் கொடுத்ததைச் சொன்ன எழுத்தே, ஆயிரம் ஆண்டு கழிந்து, மறைந்த கோயிலுக்கு வழிகாட்டியது.

கடல்கோளும் சான்றும்

கடல் கொண்ட பாண்டியர் தலைநகர் பற்றிய மரபு தமிழ்மக்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அதனைப் போற்றுதல் தக்கதே. ஆயினும் மரபை மெய்ப்பிக்கச் சான்றைக் காணுதல் வேறு. மரபின்மேல் கொண்ட ஆர்வத்தாற் சான்றைப் படைத்துக்கொள்ளுதல் வேறு. ஏறத்தாழ இருபதினாயிரம் ஆண்டுகட்கு முன் உலகெங்கும் கடல் மட்டம் இன்றுள்ளதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது எனவும், பனிப்பாறைகள் உருகியமையால் அது படிப்படியே உயர்ந்தது எனவும் நிலவியலார் கூறுவர். இன்றைய மட்டத்தை ஒட்டி அது வந்தடைந்து ஆறேழாயிரம் ஆண்டுகள் ஆயின. ஆதலின் ஆழ்ந்த கடலடியிற் காணும் ஒவ்வொரு கல்லையும் சங்ககாலத்து மதில் எனக் கொள்ளுதல் இயலாது. இதுவரை கிடைத்த சான்று கொண்டு பார்க்குமிடத்து, பாண்டியரின் பழந்துறைக்குரிய தடயங்கள் ஆழ்கடலில் அல்ல, கொற்கை வயல்களின் அடியிலேயே மிகுதியாகக் கிடைத்துள்ளன. இறைவன் திருமுன் பொய் கூறுதல் தகாது; முன்னோர் பெயரால் பொய் கூறுதலும் அத்தகையதே. உள்ளதை உள்ளவாறு காட்டினாலே அவர்தம் பெருமை போதிய அளவு விளங்கும்.

இனிச் செய்வன

கொற்கைக்கு அண்மைக் கடலில் ஆய்வு நிகழ்த்தப்பெறும் எனத் தமிழக அரசு 2021இற் சட்டமன்றத்தில் அறிவித்தது. அவ்வாய்வுக்குரிய பரப்பு கடல் மட்டுமன்று. ஆற்றின் பழைய கால்வாய்கள் வயல்களினூடே எவ்வாறு ஓடின என்பதை விண்ணிலிருந்து எடுத்த படங்களாலும், மண்ணைத் துளையிட்டு எடுக்கும் படிவங்களாலும் முதலில் அறிதல் வேண்டும். அக்கால்வாய் முடிந்த இடமே பழைய துறை. அதற்கு எதிரேயுள்ள கடலே கப்பல்கள் நங்கூரமிட்ட இடம். நிலத்தை அறியாமல் நீரில் இறங்குவோர்க்குக் கொற்கை அகப்படாது.

அப்பணிக்குச் சிறந்த துணைவர் இக்கரையிலேயே உள்ளனர். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் மூழ்கியோர், காலிற் கல்லைப் பற்றி, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழம் இறங்கினர். மேலே கயிறு பிடித்து நின்றவர் பெரும்பாலும் மைத்துனர் என்பது கடற்கரை வழக்கு. தமக்கையின் தாலிக்குக் கேடு வர அவர் விடார் அன்றோ! தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் தொடர்ந்தது. எப்பாரில் எக்கல் கிடக்கின்றது, எங்கே மணல் பெயர்ந்தது, எங்கே சாடித்துண்டு காலில் தட்டுப்பட்டது என்பன அம்மக்கள் தந்தை வழி மைந்தர் கேட்டறிந்த செய்திகள். எழுதப்படாத அவ்வறிவு ஒரு முதியவர் மறையுந்தோறும் குறைகின்றது. அந்திகிதேராவிலும் கெலிதொன்யாவிலும் கொடவாயவிலும் வழிகாட்டியவர் யார் என்பதை நினைப்போர், இவர்களை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் நம்பமாட்டார்.

திருப்பணியாளர் கடமை

கோயிலன்பர்க்கும் கொடையாளர்க்கும் இதில் உரிய பங்கு உண்டு. கடலில் எஞ்சிய சான்று சிறிது. கோயிலில் எஞ்சிய சான்று பெரிது. கொற்கையின் தொழிலைக் காத்தது ஒரு கோயிலின் பெயர். பாண்டிநாட்டுக் குதிரை வணிகத்தைக் காத்தது ஒரு கோபுரத்தின் ஓவியம். மறைந்த முருகன் கோயிலைக் காட்டியது ஒரு கொடைக் கல்வெட்டு. இம்மூன்றும் கடற்கரையினரும் பொருநைக் கரையினரும் அறியாமலே செய்து வைத்த சேமிப்பு.

அச்சேமிப்பு அழிவது பெரும்பாலும் பகைவரால் அன்று, அன்பால். குடமுழுக்கு நெருங்கும்போது சுவரைப் புதுக்குவர். விசையுடன் மணலை வீசிக் கல்லைத் தேய்த்தால் கல் வெண்மை பெறும். அதன்மேல் இருந்த எழுத்து மறையும். புகை படிந்த ஓவியத்தின்மேற் சுண்ணாம்பு பூசினால் மண்டபம் தூய்மை பெறும். கப்பலும் குதிரையும் மறையும். தளம் பரப்புதற்பொருட்டுப் பழங்கல்லைப் புரட்டிப் பதித்தால், எந்நாளில் யார் அளித்த அறமோ அது மண்ணை நோக்கிக் கிடக்கும். பிரகாரத்தின் மூலையில் அல்லது ஊர்ப் படித்துறையிற் கிடக்கும் துளையிட்ட நீண்ட கல், எவரும் அறியாத ஒரு கப்பலின் நங்கூரமாகவும் இருத்தல் கூடும். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுதல் இக்காலத்தும் நிகழ்கின்றது. தம் பெயரை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோர் படித்தல் வேண்டும் என விரும்புவோர், ஆயிரம் ஆண்டுக்கு முன் கொடுத்தவர் பெயரைக் காத்தல் கடன் அன்றோ?

இதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. திருப்பணி தொடங்குமுன் சுவர்களை நிழற்படம் எடுத்து வைத்தல். கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர்க்குக் காட்டிப் படியெடுக்கச் செய்தல். ஓவியம் உள்ள சுவரை அத்துறை வல்லார் வருமளவும் தொடாதிருத்தல். அயலான கல்லையோ ஓட்டையோ கண்டால் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அறிவித்தல். இவ்வளவே. கடலடியில் இருபது நிமிடம் மூச்சைக் கணக்கிட்டு ஒருவர் தேடும் சான்றை, நிலத்தில் நின்று ஒரு திருப்பணிக் குழுவினர் ஒரு நாளில் காக்கலாம்.

குடமுழுக்கிற்குப் பல துறைகளின் நீரையும் கொணர்ந்து கலசத்தில் நிறைப்பது மரபு. மலையிற் பிறந்த நீரும் கடல் சேரும் நீரும் ஒன்றே என்பது அதன் உட்பொருள். முக்கூடற் படித்துறையைத் தழுவிச் செல்லும் பொருநை, கொற்கையைப் படைத்தது. கொற்கையை மூடியதும் அதுவே. மூடியது அழித்தற்கு அன்று, காத்தற்கே எனக் கொள்ளலாம். வண்டலினடியிற் கிடந்தமையாலன்றோ அக்கடற்கரை கெடாமல் நின்றது. ஆறு காத்துத் தந்ததை மக்கள் கைசோர விடாதிருப்பாராக. முத்துமாலை அணிந்த அன்னை அதற்கு வேண்டும் அறிவையும் பொறுமையையும் அருள்வாளாக.